பதினோரு பேருக்கு ஒரு படகுத்துறை

பொங்கலுக்கு வருவதாக அக்கா கோவையிலிருந்து போன் செய்தபோதே பின்னாலிருந்து பிள்ளைகளின் குரல் கேட்டது: "மாமா, போட்டிங் கூட்டிட்டுப் போங்க!" தம்பி வீட்டையும் சேர்த்தால் பதினோரு பேர். மூத்தவர் அம்மா, 72 வயது, இரண்டு முட்டியிலும் வலி. கடைக்குட்டி தம்பி மகள், நாலு வயது. அம்பத்தூரிலிருந்து காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். அம்மாவுக்கு ஏறி இறங்கத் தோதான படகுத்துறை வேண்டும், குழந்தைக்கு அளவான லைஃப் ஜாக்கெட் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக மூக்கைப் பொத்தாமல் உட்காரக்கூடிய நீர் வேண்டும்.

இடத்தைப் பார்க்காமல் இத்தனை பேரை அழைத்துப் போக எனக்கு மனம் வரவில்லை. ஆவடியில் பொறியியல் படிக்கும் அக்கா மூத்த மகன் எங்கள் வீட்டில்தான் தங்கியிருக்கிறான். ஜனவரி முதல் சனிக்கிழமை, அவனைப் பின்னால் உட்கார வைத்து ஸ்கூட்டரை எடுத்தேன்.

எங்கள் பக்கத்தில் ஏரிக்குப் பஞ்சமே இல்லை. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கலங்கல் தாண்டி கொரட்டூர் ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் ரெட்டேரிக்கு. ஒன்றின் மிச்சம் அடுத்ததன் வரத்து. வயலுக்குப் பாய்ச்ச வெட்டிய சங்கிலி இது. வயல்கள் மனைகளாகிவிட்டன, சங்கிலி மட்டும் அப்படியே இருக்கிறது. இன்று அந்தச் சங்கிலி வழியே மழைநீரோடு வீட்டுக் கழிவும் பட்டறைக் கழிவும் சேர்ந்தே நகர்கின்றன. கொரட்டூரில் ஏரி பாதுகாப்பு மக்கள் இயக்கம் என்று ஊர்க்காரர்களே கூடி, பசுமைத் தீர்ப்பாயம் வரை போய்ப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

வீட்டுக்குப் பக்கத்தில் என்பதால் அம்பத்தூர் ஏரியில்தான் முதலில் நின்றோம். நடுவில் நீர் வெயிலுக்கு மின்னியது, நீர்க்கோழிகள் முங்கி எழுந்தன. நாங்கள் நின்ற கரையோரம் ஒரு கால்வாய் கருப்பாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது. விழுந்த இடத்தில் வெள்ளை நுரை, நுரைக்கு நடுவே பால் கவர்கள். மருமகன் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டான். நான் வண்டியைத் திருப்பினேன்.

பூந்தமல்லி வழியாகச் செம்பரம்பாக்கம் போனோம். குன்றத்தூர் போகிற பக்கம் வண்டியை நிறுத்திப் பார்த்தால் கண்ணுக்கு எட்டியவரை நீர். முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு வந்திருந்ததால் ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. "இவ்ளோ தண்ணி இருக்கு, ஒரு படகுகூட இல்லையே மாமா?" என்றான் மருமகன்.

இது நாம் குடிக்கிற நீர். செம்பரம்பாக்கம், புழல், சோழவரம், பூண்டி எல்லாம் சென்னையின் குடத்தை நிரப்பும் ஏரிகள். 2015 டிசம்பர் 1 இரவு இங்கே மதகு திறந்து அடையாற்றில் விட்ட வெள்ளம் எத்தனை வீடுகளுக்குள் புகுந்தது என்பது ஊருக்கே தெரியும். 2019 கோடையில் இதே ஏரி வெடித்துக் கிடந்ததையும் பார்த்தோம். எங்கள் தெருவில் தண்ணீர் லாரிக்கு விடிகாலை மூன்று மணிக்குக் குடம் வரிசை போட்டார்கள். அப்படிப்பட்ட நீரில் மோட்டார் ஓட்டி எண்ணெய் சிந்த வேண்டியதில்லை. மதகை ஒட்டிய நீர் மேலே அசையாமல் இருந்தாலும் அடியில் இழுக்கும். அதுவும் ஒரு காரணம். கரையில் நின்று காற்று வாங்கிவிட்டுத் திரும்புவதுதான் இந்த ஏரிக்கு நாம் செய்யும் மரியாதை. அவனுக்கும் அது சரியென்று பட்டது. அதற்குமேல் கேட்கவில்லை.

அன்று மாலை பருத்திப்பட்டு. ஆவடி–பூந்தமல்லி சாலையை ஒட்டிய 87 ஏக்கர் ஏரி. ஒரு காலத்தில் இந்த வழியாகப் பஸ்ஸில் போனால் ஜன்னலைச் சாத்துவோம். சுமார் 28 கோடி ரூபாய் செலவில் சீரமைத்து, 2019 ஜூனில் பசுமைப் பூங்காவாகத் திறந்தார்கள். சுற்றிலும் நடைபாதை, நடுவில் பறவைகள் அடையத் திட்டு, ஓரத்தில் படகுத்துறை. வேலை முடிந்து வந்தவர்கள், சுண்டல் பொட்டலத்தோடு காதலர்கள், ராணுவ டாங்க் தொழிற்சாலையில் ஓய்வுபெற்றவர்கள், ஸ்கேட்டிங் பழகும் பிள்ளைகள் என்று ஒரு ஊரே அங்கே நடந்துகொண்டிருந்தது.

நாங்கள் இருவரும் மிதிபடகில் ஏறினோம். பார்ப்பதற்குப் பொம்மை போல இருந்தாலும் மிதிபடகு ஆளைச் சோதிக்கும். இரண்டு இருக்கைக்கு நடுவே ஒரு கைப்பிடி. அதை இடது பக்கம் தள்ளினால் படகு ஒரு மூச்சு யோசித்துவிட்டுத்தான் திரும்பும். மிதிப்பதை நிறுத்தினால் காற்று நம்மைத் தன் இஷ்டத்துக்கு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகும். ஐந்தாவது நிமிடத்தில் எனக்குத் தொடை பிடித்தது. நீர் பச்சையாக இருந்ததே தவிர, நாற்றமில்லை. ஒரு நீர்க்காகம் கட்டையில் உட்கார்ந்து இரண்டு இறக்கையையும் விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது; நாங்கள் பத்தடி தூரத்தில் போயும் அசையவில்லை.

ஆவடி, அம்பத்தூர்க்காரர்களுக்கு ஒரு சாயங்காலத்துக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. சின்னப் பிள்ளைகளை முதல்முறை படகில் ஏற்றிப் பழக்க இதுதான் சரியான நீர். கரை எப்போதும் கண்ணில் இருக்கும். சேத்துப்பட்டு ஏரியும் இந்த வகைதான், நகரத்துக்குள் இருப்பவர்களுக்கு வசதி. ஆனால் கோவையிலிருந்து வருகிறவர்கள் பெரிய நீரைக் கேட்கிறார்கள். மிதிபடகில் முட்டிவலிக்கார அம்மாவை ஏற்றவும் முடியாது.

மறுநாள் ஞாயிறு பழவேற்காடு. வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை வந்த பிறகு எங்களைப் போன்ற மேற்குப் புறநகர்க்காரர்களுக்குக் கடல் பக்கத்தில் வந்துவிட்டது. 62 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தச் சாலையில் வடக்கே திரும்பினால் மீஞ்சூர், பொன்னேரி தாண்டிப் பழவேற்காட்டுக் கழி. தெற்கே திரும்பினால் வண்டலூர், கேளம்பாக்கம் தாண்டி முட்டுக்காட்டுக் கழி. நகரத்துக்குள் நுழையவே வேண்டாம்.

இந்தியாவின் உவர்நீர்க் கழிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரியது பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டா தீவுதான் இதற்கும் வங்கக் கடலுக்கும் நடுவே சுவர். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் இங்கே கோட்டை கட்டி வியாபாரம் செய்தார்கள். அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இரண்டு எலும்புக்கூடுகள் கல்லில் நிற்கின்றன. மருமகன் அதைப் படம் எடுத்துக்கொண்டான்; எனக்குக் கழிமேல்தான் கண்.

பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தினோம். கழியில் பல இடம் இடுப்பளவுதான் ஆழம். கீழே பெண்கள் சிலர் கழுத்துவரை நீரில் அமிழும்படி குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்தார்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ள ஓலையில் முடைந்த பை, அதன் விளிம்பைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார்கள். 'பறி' என்று அதற்குப் பெயர். இரண்டு கையும் சேற்றுக்கு வேண்டும் என்பதால் பை வாயில். மணிக்கணக்காக இப்படியே நகர்கிறார்கள். அப்பால் கம்புகளை ஊன்றி வலை கட்டியிருந்தார்கள். அந்த இடங்களெல்லாம் வெறும் நீரல்ல. அவற்றுக்குப் 'பாடு' என்று பெயர். எந்தக் குடும்பம் எந்த நாளில் எந்தப் பாட்டில் வலை கட்டலாம் என்று முறை வைத்து, தலைமுறை தலைமுறையாகப் பிரித்துக்கொள்கிறார்கள். நமக்குப் பரந்த நீராகத் தெரிவது அவர்களுக்குப் பங்கு பிரித்த நிலம்.

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். "ஐயா, குடும்பத்தோட வந்தா படகுல ஒரு சுத்து போக முடியுமா?"

"சவாரி வேணாம் தம்பி," என்றார், வலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இது தொழிலுக்குப் போற படகு. அந்தக் கிறிஸ்துமஸ் நாள்ல நடந்தது தெரியுமில்ல?"

தெரியும். 2011 டிசம்பர் 25. விடுமுறைக்கு உறவினர்களாகச் சேர்ந்து வந்தவர்கள், குழந்தைகளும் பெண்களுமாக, ஒரே படகில் ஏறினார்கள். படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் இங்கே சுற்றுலாச் சவாரிக்குத் தடை வந்தது. "முகத்துவாரத்துக்கிட்ட தண்ணி இழுக்கறது மேல நிக்கறவனுக்குத் தெரியாது. காத்து மாறுனா நாங்களே யோசிப்போம்," என்றார் அவர். ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்குப் போகக்கூடாது, முகத்துவாரம் மணல் மூடினால் படகு வெளியே போகாது, புயல் சின்னம் என்றால் படகு கரையில்தான். அவர்களுடைய நாட்காட்டியில் ஏற்கெனவே எத்தனையோ தடைகள். அதற்கு நடுவே கிடைக்கிற நாளில், அவர்களுடைய பாட்டுக்கு மேல் பொழுதுபோக்க நான் பதினோரு பேரோடு வந்து நிற்பது சரியாகாது என்று தோன்றியது. நண்டு மட்டும் ஒரு கிலோ வாங்கிக்கொண்டு திரும்பினோம். பழவேற்காட்டுக்கு வருகிறவர்கள் வந்து பறவை பார்க்கலாம், மீன் வாங்கலாம், கல்லறைத் தோட்டத்தைப் பார்க்கலாம். யாராவது ரகசியமாகப் படகில் ஏற்றிக்கொள்கிறேன் என்று கூப்பிட்டால் போகவே கூடாது.

அந்தப் பேச்சு வீடு வரும்வரை எங்களை விடவில்லை. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் கவிழ்ந்தது புதுப் படகு, அதிலும் அரசு நிறுவனத்தின் படகு. கரையில் விலங்குகளைப் பார்க்க ஒரு பக்கமாக ஆட்கள் சாய்ந்ததில் 45 பேர் போனார்கள். 2023 மே 7 அன்று கேரளத்துத் தானூரில் 22 பேர். மீன்பிடிப் படகை மாற்றிச் செய்த சவாரிப் படகு, கொள்ளளவுக்கு மீறிய கூட்டம், பொழுது சாய்ந்த நேரம். தேக்கடியிலும் தானூரிலும் பெரிய புயலோ அலையோ இல்லை. படகு கவிழ்வது பெரும்பாலும் எடை ஒரு பக்கம் போவதால்தான். மாடி வைத்த படகில் மேல்தட்டில் ஆள் கூடக்கூட, படகு சாய்ந்தால் நிமிர்வதற்கான பலம் குறைகிறது. மருமகன் நோட்டில் படம் போட்டு, கனத்தின் மையம் மேலே போனால் என்ன ஆகும் என்று எனக்கு விளக்கினான். பாடத்தில் படித்ததைச் சொன்னபோது அவன் முகத்தில் இருந்த தீவிரம் எனக்கு நிறைவாக இருந்தது. இதை ஏழாம் வகுப்பிலேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

அடுத்த சனிக்கிழமை தெற்குப் பக்கம். முட்டுக்காடு படகுக் குழாம் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1984இல் தொடங்கியது. கோவளம் கழியும் பக்கிங்ஹாம் கால்வாயும் சேரும் இடம். ஒரு காலத்தில் விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் அந்தக் கால்வாயில் சென்னைக்கு வந்தன. இப்போது பள்ளிக்கரணை சதுப்பின் மழை வெள்ளம் ஒக்கியம் மடுவு வழியாகக் கால்வாயில் விழுந்து இங்கேதான் கடலுக்குப் போகிறது. அதனால் நவம்பர், டிசம்பரில் நீர் கலங்கி, ஆகாயத்தாமரை மிதந்து வரும். பொங்கல் சமயத்தில் தெளிய ஆரம்பித்துவிடும்.

நாங்கள் போனது காலை ஒன்பதரைக்கு. கழி கண்ணாடி போல இருந்தது. படகோட்டி அண்ணனிடம் கூட்டமில்லாத நேரம் கேட்டேன். "காலைல வந்துடுங்க சார். பதினோரு மணிக்கு மேல காத்து ஏறிடும், துடுப்புப் படகு தள்ளவே முடியாது," என்றார். கோடையில் மத்தியானம் மூன்று மணி வாக்கில் அம்பத்தூரில் எங்கள் வீட்டு ஜன்னல் திரை மெல்ல அசையும். "கடல் காத்து வந்துருச்சு" என்று அம்மா சொல்வாள். அந்தக் காற்றுதான் முன்னதாகவே இங்கே வந்து நீரைக் கலைக்கிறது. எங்களுக்கு அது வரம். துடுப்புப் படகில் இருப்பவருக்குத் தொல்லை. 

அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே மாமல்லபுரம் தாண்டி முதலியார்குப்பம் போனோம். மனம் அங்கேயே நின்றுவிட்டது. ஒதியூர்க் கழி அகலமாக விரிந்து கிடக்கிறது. படகில் ஏறி மறுகரை மணல்திட்டில் இறங்கினால் அந்தப் பக்கம் திறந்த கடல். கூட்டம் இல்லை, கூச்சல் இல்லை. இளவயதுக்காரர்கள் நாலைந்து பேராகப் போவதென்றால் நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். ஆனால் அம்பத்தூரிலிருந்து போக மட்டும் 100 கிலோமீட்டருக்கு மேல். வேனில் அம்மாவின் முட்டி தாங்காது. முட்டுக்காட்டையே முடிவு செய்தோம்.

நாளும் முக்கியம். காணும் பொங்கலன்று எந்த நீர்நிலைக்கும் போகக்கூடாது என்பது என் கருத்து. அன்று கடற்கரையில் கால்வைக்க இடமிருக்காது, படகுத்துறையில் மூன்று மணி நேரம் வரிசை. மறுநாள் காலை எட்டு மணிக்கு வேன் பிடித்தோம்.

குழந்தைக்கு ஜாக்கெட் மாட்டியதை விவரமாகச் சொல்ல வேண்டும். முதலில் கொடுத்தது பெரியவர்களுடையது. கொக்கிகளைப் போட்டு, தோள் பட்டியைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தேன். ஜாக்கெட் அவள் காதுவரை ஏறியது. தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மிதக்கும், பிள்ளை அதன் வழியே கீழே நழுவும். "சின்ன சைஸ் குடுங்க," என்றேன். உள்ளே போய்த் தேடி ஒன்று கொண்டுவந்தார்கள். மூன்று கொக்கியும் போட்டு, பட்டியை இழுத்து இறுக்கித் தூக்கினால் பிள்ளையும் சேர்ந்து எழும்பினாள். அதுதான் அளவு. "மூச்சு முட்டுது பெரியப்பா," என்று சிணுங்கினாள். ஒரு விரல் உள்ளே போகும் அளவுக்குத் தளர்த்தினேன். அம்மாவுக்கும் மாட்டினோம், புடவைக்கு மேல் ஆரஞ்சு நிறத்தில் அதைப் பார்த்து அக்கா போட்டோ எடுத்துத் தள்ளினாள்.

பதினோரு பேரையும் ஒரே படகில் ஏற்றாமல் இரண்டு மோட்டார் படகாகப் பிரித்தோம். அம்மா நடுவில். எழுந்து நிற்கக்கூடாது என்று மருமகன் எல்லோருக்கும் சொல்லி, நோட்டில் போட்ட படத்தையும் காட்டினான். படகு திரும்பி அலையாத்திச் செடிகள் பக்கம் போனபோது மோட்டாரின் சத்தம் குறைந்தது. ஒரு வெள்ளைக் கொக்கு படகுக்கு முன்னால் எழும்பிப் பறந்து, கொஞ்ச தூரம் போய் உட்கார்ந்து, நாங்கள் நெருங்கியதும் மறுபடி எழும்பியது. அம்மா பேசவே இல்லை. திரும்பி வரும்போதுதான், "எங்க ஊர் ஏரியில வாழைத்தண்ட நாலு சேத்துக் கட்டி மிதப்போம். எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா தோல உரிச்சிடுவார்," என்றாள். இறங்கும்போது படகோட்டி ஒரு கையும் நான் ஒரு கையும் பிடித்தோம். படி தாழ்வாக இருந்ததால் முட்டி மடக்க வேண்டியிருக்கவில்லை.

மாலை நாலரைக்கெல்லாம் அம்பத்தூர் வந்துவிட்டோம். வீட்டுக்குப் போகும் முன் ஏரிக்கரையில் வேனை நிறுத்தச் சொன்னாள் அம்மா. கல்யாணமாகி வந்த புதிதில் இந்த ஏரியில் துணி துவைத்தவள் அவள். வெயில் சாய்ந்து ஏரியின் நடுப்பகுதி செம்பு நிறத்தில் இருந்தது. தம்பி மகள் வேனிலிருந்து குதித்து ஓடிவந்து பாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாட்டி, இங்க போட் எங்க?"

அம்மா கரையோரக் கால்வாயைப் பார்த்தாள். இரண்டு வாரத்துக்கு முன் நான் பார்த்த அதே கருப்பு, அதே நுரை.

"வரும்டி. மொதல்ல அந்தச் சாக்கடை நிக்கட்டும்," என்றாள்.